கர்சர் நின்ற இடம்

ஆங்கில வாத்தியார் வேலைக்கு வரும்போது தொண்டை இருந்தால் போதும் என்றார்கள். போகும்போது பாஸ்வர்ட் கேட்டார்கள். கம்ப்யூட்டர் அறையில் பாடம் நடத்தியவர்களுக்கு மேலே விளக்க வேண்டாம்.

ஹெட்போன்

மலேசியாவில், கிள்ளானில் ஒரு இடைநிலைப்பள்ளி. நாலாம் படிவம், பதினாறு வயதுப் பிள்ளைகள். என் பாடமுறை ஒன்றே ஒன்று: தப்பாக எழுதுபவன் முதுகுக்குப் பின்னால் போய் நிற்பேன். பேசமாட்டேன். அவனே கண்டுபிடிக்கும்வரை நகரமாட்டேன்.

உச்சரிப்புக்கு ஒரு மென்பொருள் வந்தது. எல்லார் காதிலும் ஹெட்போன். ஆளாளுக்குத் திரையோடு பேசினார்கள். "குட் மார்னிங்" என்றேன். ஒரு தலைகூட நிமிரவில்லை. நானும் ஒன்றை மாட்டிக்கொண்டு அதே குட் மார்னிங்கைக் கம்ப்யூட்டரிடம் சொன்னேன். மறுபடி முயலுங்கள் என்றது. மூன்று தடவை. பக்கத்து நாற்காலி சந்திரன் சொன்னான்: "சார், மெதுவா பேசுங்க லா. அதுக்கு உங்களைப் புரியல."

ஞாயிறு மத்தியானம்

அப்புறம் கட்டுரையெல்லாம் இணையத்தில், ஒரே பக்கத்தில். வகுப்பே சேர்ந்து எழுதும். உள்ளே இருப்பவர் ஒவ்வொருவருக்கும் பெயரோடு ஒரு கர்சர், கலர் கலராகத் துடிக்கும்.

மனைவி காலமானபின், கிள்ளானுக்குப் பக்கத்து ஊரான மேருவில், வீட்டில் நான் மட்டும். மகள் பூச்சோங்கில், போன் பண்ணுவாள். ஞாயிறு மத்தியானம் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்வேன். நாலு கர்சர் ஓடினால் வீட்டில் ஆள் நடமாட்டம் மாதிரி இருக்கும். திருத்த வந்தேன் என்று எனக்கே சொல்லிக்கொள்வது. அதே வகுப்பு கவிதா ஒருநாள் பக்கத்தின் ஓரத்தில் டைப் தட்டினாள்: "சார், இன்னைக்கும் வந்துட்டீங்களா? வீட்ல யாரும் இல்லையா?"

ஆமை

ஓய்வு பெற்ற அன்றே என் பள்ளிக் கணக்கை மூடிவிட்டார்கள். ஆனால் அந்தப் பக்கத்தின் லிங்க்கை, யார் வேண்டுமானாலும் நுழையும்படி விட்டு வந்திருந்தேன். என் தவறுதான். அதற்கடுத்த ஞாயிறு நுழைந்தேன். பெயரில்லாமல் வருபவனுக்கு அது ஏதாவது மிருகப் பெயர் வைக்கும். எனக்கு ஆமை.

சந்திரன் கட்டுரையில் ஒரு வரி சரியில்லை. அங்கே போய் நின்றேன். "யார்டா இந்த ஆமை? புது டீச்சர்கிட்ட சொல்லி லிங்க்கை மூடணும்" என்று தட்டினான். நியாயம்தான். வெளியேறக் கை போனது. அதற்குள் கவிதாவின் கர்சர் வந்து என் பக்கத்தில் நின்றது: "டேய், சும்மா இரு லா. பேசாம நிக்குது பாரு, நம்ம சார்தான். முதல்ல அந்த வரியைத் திருத்து, அப்பதான் நகருவாரு."

இத்தனை வருஷ வேலையில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு, யாரும் துரத்தாத ஆமை.