பின் சீட்டு

சந்தாபுராவுக்குப் பக்கத்தில், மனை போட்டு விற்காமல் கிடக்கும் ஒரு லேஅவுட்டில்தான் நான் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். தார் ரோடு உண்டு, விளக்குக் கம்பம் உண்டு, வீடு மட்டும் கிடையாது. காலை நேரத்தில் மாடுகளும் நாங்களும்தான் அங்கே நடமாட்டம். எனக்குப் பொறுமை கிடையாது என்று என் வீட்டில் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் பயந்து நடுங்குகிறவர்கள்மேல் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. அவர்கள் பக்கத்தில் நின்றுகொண்டு "இதுக்கு எதுக்குப் பயம்?" என்று கேட்கிறவர்கள்மேல்தான் வரும்.

வயதான பிறகு வண்டி கற்க வரும் பெண்களின் பயம் மனதில் இருப்பதைவிடக் கையில்தான் அதிகம் இருக்கிறது. பயந்தால் கை இறுகும். வலது கைப்பிடியில்தான் ஆக்ஸிலேட்டர் இருக்கிறது. கை இறுகினால் அதுவும் சேர்ந்து முறுகும், வண்டி பாயும், பயம் இன்னும் கூடும். கையைத் தளர்த்தச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினாலும் பலனில்லை. அதனால் நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். பின் சீட்டில் நான் உட்கார்ந்துகொள்வேன். எதிரில் தெரிவதையெல்லாம் அவர்கள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்ட வேண்டும். மாடு நிற்கிறது, பள்ளம் வருகிறது, ஹம்ப் வருகிறது. வேகத்தடையை இந்த ஊரில் எல்லோரும் ஹம்ப் என்றுதான் சொல்வோம். வாய்க்கு வேலை கொடுத்தால் கை தானாக இளகிவிடும். முதல் நாள் வெட்கப்படுவார்கள். அடுத்த வாரம் அவர்கள் வாயை மூடவைப்பது பெரும்பாடு.

அந்த அக்கா என்னிடம் வந்தபோது அவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. அன்று ஒரு பழைய ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதன் பின்பக்கக் கம்பியைப் பிடித்தபடி அவருடைய கணவர் நடந்து வந்தார். சர்க்கரை அவரது சிறுநீரகத்தையும் கண்ணையும் சேர்த்தே பிடித்துவிட்டிருந்தது. வெளிச்சமும் நிழலும் தெரியும், அதற்குமேல் ஒன்றும் தெரியாது. வண்டி அவருடையது.

"இவருக்கு அத்திபெலே ஆஸ்பத்திரில டயாலிசிஸ் மேடம். வாரத்துல மூணு தபா பஸ்ல கூட்டினு போறேன்" என்றார் அக்கா. "போறப்போ பரவால்ல, வர்றப்போ தலை சுத்துது இவருக்கு. போன வாரம் படியில இருந்து விழுந்துட்டார். குடிச்சிட்டு விழுந்துட்டார்னு ஜனங்க பேசிக்கிச்சு. அதுல இருந்து பஸ் வேணாம், ஆஸ்பத்திரியும் வேணாம்னு ஒரே அடம்."

டயாலிசிஸ் நின்றால் என்ன ஆகும் என்பது மூன்று பேருக்குமே தெரியும். கணவர் மட்டும் அது யாரோ ஒருவருடைய விஷயம் போல முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். வண்டி கற்றுக்கொள்ளும்வரை பக்கத்து வீட்டு ஆட்டோவில் கெஞ்சிக் கூத்தாடி ஏற்றிப் போவதாக அக்கா சொன்னார்.

"கண்ணு தெரியாதவனை ஓட்டத் தெரியாதவ கூட்டினு போறா. நல்லாத்தான் இருக்கும்" என்றார் அவர். அக்கா சிரிக்கவில்லை. நான் சிரித்துவிட்டேன்.

கல்யாணமான நாளிலிருந்து கணவரின் பின்னால் ஒருபக்கமாகக் கால்போட்டு உட்கார்ந்தே வந்த உடம்பு அது. முன் சீட்டுக்கு வந்த பிறகும் இடுப்பு இடதுபக்கம் திரும்பியே இருந்தது. வண்டியும் இடதுபக்கமே இழுத்துக்கொண்டு போனது. நேராகப் போகச் சொன்னால் ஓரத்துப் புல்லுக்குள் போய் நிற்போம்.

"அக்கா, நீங்க இப்போ டிரைவர். இன்னும் பொண்டாட்டியாவே உட்கார்ந்துனு இருக்கீங்க" என்றேன்.

மனைக்கல்லின் மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து ரொம்ப நாளாகிறது என்று அக்கா வண்டியை நிமிர்த்தும்போது மெதுவாகச் சொன்னார். அதற்கப்புறம் நான் வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதலாகக் கிண்டல் செய்தேன்.

அக்கா மெதுவாகக் கற்றார், ஆனால் கற்றதை விடவில்லை. கை இளகியது. லைசென்சும் வாங்கினார். கணவரை முதன்முதலாகப் பின்னால் ஏற்றிக்கொள்ளும் நாள் வந்தது. பயமெல்லாம் அக்காவுக்குத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அவர்தான் ஏறி உட்கார்ந்துவிட்டுக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தார்.

"தோள்ல வைங்க" என்றார் அக்கா.

"ரோட்டுலயா?"

"உங்களுக்குத்தான் கண்ணு தெரியாதே. யாரு பாத்தா உங்களுக்கென்ன?"

கையை வைத்தார். அவ்வளவு நாள் அந்தத் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்குள் நடமாடியிருப்பார். ஆனாலும் அன்றைக்கு, புதுச்சட்டையைத் தொடுகிற மாதிரி தொட்டார். வண்டி கிளம்பியது. கல்மேல் உட்கார்ந்து பார்க்கும் வேலை அன்று எனக்கு.

நான் பயத்துக்காகச் சொல்லிக்கொடுத்த வித்தை அவர்களிடம் வேறொன்றாக மாறிப்போனது. கண் தெரியாமல் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு, சொல்லாமல் ஒரு ஹம்ப் வந்தால் தூக்கிப்போட்டுவிடும். அதனால் அக்கா தலையை லேசாகப் பின்னால் சாய்த்து, "ஹம்ப் வருது, புடிச்சுக்குங்க" என்பார். அவர் பிடித்துக்கொள்ளும்வரை வண்டியை ஊர விடுவார். பிறகு ஏற்றி இறக்குவார். சர்வீஸ் ரோட்டில் அவர்களைப் பலமுறை தாண்டிப் போயிருக்கிறேன். எப்போதும் அக்காவின் வாய் அசைந்துகொண்டே இருக்கும். பேக்கரிக்குப் புது போர்டு போட்டிருப்பதையும், லாரியிலிருந்து முட்டைக்கோஸ் உருண்டு ஓடுவதையும்கூட விடாமல் சொல்லிக்கொண்டே போவார். "அப்புறம்?" என்று அவர் கேட்பாராம். ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடித்தவர் காலையிலேயே சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் காத்திருப்பதாக அக்கா சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் வேறு எந்த மாணவியிடமும் பார்த்ததில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் அப்படிப் போனார்கள். மழைக்காலத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே, அவருக்கு மூச்சு நின்றுபோனது. அன்றைக்கும் அக்காதான் வண்டியில் கூட்டிப்போயிருந்தார். திரும்பும்போது அவரை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். வண்டியை யாரோ வீடு கொண்டுவந்து சேர்த்தார்கள். நான் போயிருந்தேன். அழுதேன். ஒரு மாணவியின் கணவருக்காக அப்படி அழுவேன் என்று நினைக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து ரொம்ப நாள் கழித்து அக்கா போன் செய்தார். "மேடம், எனக்கு வண்டி ஓட்ட வரல. மறுபடியும் சொல்லிக்குடுப்பீங்களா?"

முதல் நாள் வந்த மாதிரியே வண்டியைத் தள்ளிக்கொண்டு லேஅவுட்டுக்கு வந்தார். பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வர ஆள் இல்லை. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றேன், முடியவில்லை.

"கொழுந்தனார் கேக்கறார். சும்மாத்தானே நிக்குது, குடுத்துடுங்கன்றார். எனக்குக் குடுக்க மனசு வரல. ஆனா ஏறி உட்கார்ந்தா கை நடுங்குது. பின்னாடி ஆள் இல்லாம நான் ரோட்டுல போனதே இல்ல மேடம். டெஸ்ட் அன்னிக்கு ஒரு ரவுண்டு போனதோட சரி."

அது உண்மை. மற்றவர்களுக்குக் கடைசிப் பாடம், நான் இறங்கிக்கொள்வது. அக்காவுக்கு வேண்டியிருந்ததே பின்னால் ஒருவரை ஏற்றிப்போவது என்பதால் அந்தப் பாடம் எங்களுக்குள் நடக்கவே இல்லை. முதலில் நான் இருந்தேன். பிறகு அவர் இருந்தார்.

"கொஞ்ச தூரம் நீங்க உட்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். வண்டி ஆடியது. தைரியமாக இருக்கட்டும் என்று அவர் தோளில் கையை வைத்தேன். அக்கா உடனே பிரேக் பிடித்துக் காலை ஊன்றினார்.

"கை மட்டும் வேணாம் மேடம்."

இறங்கிவிட்டேன். அவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கேயே நின்று கொஞ்சநேரம் அழுதார். நான் பக்கத்தில் நின்றேன்.

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவராகவே வண்டியைக் கிளப்பினார். நான் என் வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். விரல்கள் வெளுத்துப் போகும் அளவுக்குக் கைப்பிடியைப் பிடித்திருந்தார். வண்டி பாய்ந்தது, தயங்கியது, இடதுபக்கம் இழுத்தது.

"சொல்லிக்கிட்டே ஓட்டுங்க அக்கா" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தேன்.

வெகுதூரம் போனோம். பிறகு, "நாய் படுத்திருக்குது" என்றார். கொஞ்சம் போனதும், "மண்ணு கொட்டியிருக்காங்க." லேஅவுட்டின் வளைவுக்கு வந்தபோது தலை லேசாகப் பின்னால் சாய்ந்தது.

"ஹம்ப் வருது. புடிச்சுக்குங்க."

சொல்லிவிட்டு வண்டியை ஊர விட்டார். பின்னால் இருப்பவர் பிடித்துக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் ஊர விட்டார். பிறகு மெதுவாக ஏற்றி, மெதுவாக இறக்கினார். நான் அவருடைய கையைப் பார்த்தேன். இளகியிருந்தது.