ஒரு சொட்டுகூட இறங்காத வண்டி

எங்கள் வீட்டில் இன்றும் யாராவது மெத்தையைப் பற்றிப் பேச்செடுத்தால் சித்தப்பா மெதுவாக எழுந்து வெளியே போய்விடுவார். மாட்டைப் பார்க்கிறேன், மோட்டாரைப் பார்க்கிறேன் என்று கைவசம் ஏதாவது ஒரு சாக்கு இருக்கும். அவர் தலை மறைந்ததும் அம்மா சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் கோபமும் மிச்சம் இருக்கும்.

கொடைக்கானலுக்கு அப்பால் மலையில் இருக்கும் எங்கள் ஊர்ப் பூண்டியில் நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது சித்தப்பா பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கினார். ஊரில் அப்போதுதான் இரண்டொருவர் செல்போன் வைத்திருந்தார்கள். அதில் பேச வேண்டுமென்றால் கோயில் மேட்டுக்கு ஏற வேண்டும். கேரட்டையும் பூண்டையும் நாமே ஏற்றிக் கீழே சந்தைக்குக் கொண்டுபோகலாம் என்பது சித்தப்பாவின் யோசனை. மேலே தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டினால் போதும் என்றார் அப்பா. சித்தப்பாவுக்குத் தார்ப்பாய் என்றாலே இளக்காரம். வத்தலக்குண்டில் ஒரு பட்டறையில் வண்டியை விட்டு, பின்பக்கம் முழுவதற்கும் தகரத்தில் கூண்டு கட்டி, பின்னால் கதவும் வெளித்தாழ்ப்பாளும் வைத்து ஓட்டிக்கொண்டு வந்தார். வந்த அன்றே மழை பெய்தது. கூண்டுக்குள் வைத்திருந்த உரமூட்டை நனைந்து கரைந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சித்தப்பாவுக்கு அத்தனை வீம்பு வந்திருக்காது.

அதே வருடம்தான் வைகாசியில் அக்காவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளைக்கு ஊர் வத்தலக்குண்டுப் பக்கம், நூல் மில்லில் ஷிப்ட் வேலை. அக்கா ஒரு மாதம் அங்கே மாமியார் வீட்டில் இருந்தாள். அப்புறம் வழக்கப்படி ஆடிக்கு அழைத்துவந்தார்கள். ஆவணியில் அதே தெருவில் ஒரு வீடு பிடித்துத் தனிக்குடித்தனம் வைப்பதாகப் பேச்சு. ஆவணி பிறந்ததும் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. கம்பளியைத் தலைவரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துக்கிடப்பாள். கொடைக்கானலுக்குக் கூட்டிப்போய்க் காட்டினால், காய்ச்சலே இல்லை என்று டாக்டர் சொல்லுவார். வீட்டுக்கு வந்ததும் மறுபடி வந்துவிடும். எனக்கும் பள்ளிக்கூட நாட்களில் மட்டும் வருகிற வயிற்றுவலி ஒன்று இருந்தது. அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

புரட்டாசியில் யாரும் புதுக் குடித்தனம் வைக்கமாட்டார்கள். புரட்டாசி பிறந்ததும் அக்காவின் காய்ச்சல் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. களையெடுக்கப் போனாள், என்னோடு ஓடிப் பிடித்து விளையாடினாள், இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். அங்கே எப்படி இருந்தது என்று யார் கேட்டாலும், நல்லாருக்கு என்று ஒரே வார்த்தைதான். அவள் வீட்டுக்காரர் தலை தீபாவளிக்கு வந்து, குளிரில் நடுங்கிக்கொண்டே பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் போனார். அவர் போனபிறகும் அக்கா இங்கேயே இருப்பதை ஊரில் வாய்விட்டே கேட்கத் தொடங்கினார்கள். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. வானமே பொத்துக்கொண்டு ஊற்றினாலும் சரி, ஐப்பசிக்குள் பால் காய்ச்சிவிட வேண்டும் என்று நாள் குறித்துவிட்டாள்.

சீர்சாமான்களில் அம்மாவின் பெருமையெல்லாம் மெத்தைமேல்தான். கடையில் வாங்கினால் பஞ்சில் கலப்படம் இருக்கும் என்று, தைப்பவரைக் கீழேயிருந்து வரவழைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துத் தைத்து வாங்கினாள். சிவப்புப் பூப்போட்ட துணி. அதை ஐப்பசி மழையில் மலைக்குக் கீழே கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்று அவள் கவலைப்பட்டபோது, சித்தப்பா நெஞ்சில் கைவைத்துச் சொன்னார்.

“மதினி, அந்தச் சோலிய என்கிட்ட விடுங்க. ஒரு சொட்டு எறங்காது.”

பூண்டியில் சமதரை என்று ஒன்று கிடையாது. எங்கள் வீட்டுத் தெரு மேடேறிப் போகும். சித்தப்பா வண்டியை எப்போதும் மேட்டைப் பார்த்து நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கல்லை முட்டுக்கொடுத்து வைப்பார். பரிசோதனையும் அங்கேயேதான் நடந்தது. என்னை உள்ளே உட்காரவைத்துக் கையில் டார்ச் லைட்டைக் கொடுத்துக் கதவைச் சாத்துவார்கள். சித்தப்பா பக்கத்துச் சுவர்மேல் ஏறி நின்றுகொண்டு குடம் குடமாகத் தண்ணீரைக் கூண்டின்மேல் ஊற்றுவார். ஊற்றிவிட்டுத் தகரத்தைத் தட்டி, எங்கே இறங்குகிறது என்று கேட்பார். கதவோரத்தில் என்பேன் நான். உடனே கதவைத் திறந்து அந்த இடத்தில் பழைய டியூப்பை வெட்டி ஒட்டுவார், தாரைக் காய்ச்சிப் பூசுவார். மறுபடி என்னை உள்ளே தள்ளி மறுபடி ஊற்றுவார். எனக்கு அது திருவிழாவாக இருந்தது. கடைசியில் ஒழுகவில்லை என்று நான் சொன்னபோது சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

வண்டியின் தரையில், முன்மூலைகளில், சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தன. அவற்றையும் அவர் தார் வைத்து அடைத்தார். கம்பெனிக்காரன் வைத்த ஓட்டையை எதற்கு அடைக்கிறாய் என்று அப்பா கேட்டார்.

“கம்பெனிக்காரனுக்கு நம்ம மழையப் பத்தித் தெரியுமாண்ணே? கீழ இருந்து தெறிக்கிற தண்ணி அது வழியாத்தான ஏறும்.”

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

குறித்த நாளில் வெள்ளனே கிளம்பினோம். உச்சிப்பொழுதுக்கு முன்னால் நல்ல நேரம். அதற்குள் பால் காய்ச்ச வேண்டும். மெத்தையைச் சுருட்டிக் கட்டி, கேபினை ஒட்டி முன்பக்கம் வைத்தார் சித்தப்பா. பரிசோதனையில் ஒருதடவைகூட ஈரம் காணாத இடம் அதுதான். அதற்குப் பின்னால் பாத்திரங்கள், கிரைண்டர், சம்பந்தி வீட்டுக்கு ஒரு மூட்டைப் பூண்டு. கேபினில் உட்கார்ந்தால் குமட்டும் என்று சொல்லி அக்கா பின்னால் ஏறிக்கொண்டாள். துணைக்கு நான். கேபினில் சித்தப்பாவும் அப்பாவும் அம்மாவும்.

கொடைக்கானல் வரைக்கும் சாரல்தான். பாதையும் பெரும்பாலும் ஏற்றம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீக்கு நிறுத்தி, சித்தப்பா கதவைத் திறந்து மெத்தையைத் தடவிப் பார்த்தார். அம்மாவைக் கூப்பிட்டு அவளையும் தடவச் சொன்னார். காய்ந்துகிடந்தது. அம்மா முதல்முறையாக அவரை வாய்நிறையப் பாராட்டினாள். எனக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தார்கள்.

கொடைக்கானல் தாண்டியதும் இறக்கம், பெருமாள்மலை தாண்டியதும் கூடவே மழை. தகரத்தின்மேல் விழுந்த சத்தத்தில் பக்கத்தில் இருப்பவள் பேசுவதுகூடச் சரியாகக் கேட்கவில்லை. இப்போது யோசித்தால் விஷயம் எளிமையானது. மேட்டைப் பார்த்து நிற்கும் வண்டியில் ஊற்றிய தண்ணீர் பின்னால்தான் ஓடும். ஆகவே பின்பக்கத்தை மட்டும் அடைத்திருந்தோம். மலையிறங்கும் வண்டியில் தண்ணீர் முழுவதும் முன்னால் ஓடிவரும். கூண்டின் முன்தகரம் வண்டியோடு சேரும் இடத்தை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மெத்தை சாய்ந்திருந்ததோ அங்கேதான்.

டார்ச் வெளிச்சத்தில் நான்தான் முதலில் பார்த்தேன். நூலாக இறங்கிய தண்ணீர் கொஞ்ச நேரத்தில் கையகலத்துக்கு இறங்கியது. கேபின் தகரத்தைத் தட்டி நிறுத்தச் சொல்ல எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

“தட்டாத. வளைவுல ஓட்டிக்கிட்டு இருக்காரு. பயந்துருவாரு.”

சரியாகத்தான் பட்டது. மெத்தையையாவது இழுக்கலாம் என்று கயிற்றைப் பிடித்தேன். விடு, கனம், இடுப்புப் பிடித்துக்கொள்ளும் என்றாள். ஆனால் பூண்டு மூட்டையை அவளே தூக்கிக் கிரைண்டர்மேல் வைத்தாள். அது மெத்தையைவிடக் கனம். தரையில் ஓட்டைகளை அடைத்துவிட்டதால் வந்த தண்ணீர் போக வழியில்லாமல் தேங்கியது. ஒவ்வொரு வளைவிலும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைந்தது. நாங்கள் இருவரும் அண்டாவைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் காலைத் தூக்கிவைத்து உட்கார்ந்திருந்தோம். மெத்தை தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கறுத்தது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் காதோரம் குனிந்து சொன்னாள்.

“அங்க சன்னலத் தெறந்தா பக்கத்து வீட்டுச் செவுருதான் தெரியும். அவரு ஷிப்டுக்குப் போயிட்டா நானும் அந்தச் செவுரும்தான்.”

அப்படியென்றால் குளிர்காற்று வராது, நல்லதுதானே என்றேன். எங்கள் வீட்டு ஜன்னல் பனியில் கஷ்டப்பட்டவள் நான். அக்கா என் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

கீழே புதுவீட்டு வாசலில் பெரிய கோலம் போட்டு ஆரத்தியோடு நின்றார்கள். சித்தப்பா மிடுக்காக இறங்கிவந்து கதவைத் திறந்தார். தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் தார்க்கட்டிகளோடு பாய்ந்து அவர் வேட்டியை நனைத்து, கோலத்தை அழித்து, அக்கா மாமியாரின் காலடியில் போய் நின்றது. அந்த அம்மாள் புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

“என்னங்க சம்பந்தி, கெணத்தையே சீராக் கொண்டாந்துட்டீங்க.”

மெத்தையை நாலு பேர் பிடித்து இறக்கினார்கள். பால் காய்ச்சுகிற வீட்டுக்குள் நனைந்த மெத்தை போகக்கூடாது, சீரும் பெண்ணும் சேர்ந்துதான் போக வேண்டும், ஆகவே காயவைத்து வேறொரு நல்ல நாளில் கூட்டிவாருங்கள் என்று முடிவாயிற்று. அக்கா வீட்டுக்காரர் எனக்குத் துவட்டிக்கொள்ளத் துண்டு கொடுத்துவிட்டு, அவள் மட்டும் இருக்கட்டுமே என்று மெதுவாகச் சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. அக்கா முகத்தை அடக்கமாக வைத்துக்கொண்டு, அத்தை சொல்வதுதான் சரி என்றாள். மாமியார் பேச்சுக்கு இப்படிக் கட்டுப்படுகிறாளே என்று அந்த அவமானத்திலும் அம்மாவுக்கு ஒரு திருப்தி. திரும்பும் வழியெல்லாம் சித்தப்பா ஈர வேட்டியோடே வண்டியை ஓட்டினார். அக்கா பெருமாள்மலையில் இறங்கி வெந்த சோளக்கதிர் வாங்கித் தின்றாள்.

ஐப்பசியில் பூண்டியில் வெயிலுக்கு எங்கே போவது? எங்கள் ஊரில் பூண்டை அடுப்புக்கு மேலே பரணில் போட்டுப் புகையில் காயவைப்போம். பூண்டைத் தள்ளிவிட்டு மெத்தையையும் அங்கேயே ஏற்றினார்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அக்கா தானாகவே ஏற்றுக்கொண்டாள். தினமும் ஏறித் தொட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் ஈரம் கெடக்கும்மா என்பாள். நானும் ஏறித் தொடுவேன். எனக்குச் சூடாக, காய்ந்த மாதிரிதான் இருக்கும். இந்த விஷயத்தில் அக்காவின் கை என் கையைவிடக் கெட்டிக்காரக் கை என்று நினைத்துக்கொள்வேன். ஒருநாள் அம்மாவே பரணில் ஏறினாள். மெத்தைமேல் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். கீழே இறங்கிவந்து அக்காவின் முகத்தைப் பார்த்தாள். திட்டவில்லை. அவள் தலையில் ஒட்டியிருந்த பூண்டுச் சருகை எடுத்துவிட்டு, கார்த்திகையில் ஒரு நல்ல நாள் பார்த்துவரச் சொல்லி அப்பாவை அனுப்பினாள்.

சித்தப்பா இதற்குள் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோய், கூண்டின் முன்பக்கம் முழுவதையும் வெல்டிங் வைத்து அடைத்திருந்தார். தரை ஓட்டைகளைத் திறந்துவிட்டிருந்தார். கிளம்புவதற்கு முந்தைய நாள், வண்டியைத் தெருவில் இறக்கத்தைப் பார்த்துத் திருப்பி நிறுத்தினார். குடங்களை வரிசையாக வைத்தார். டார்ச்சை எடுத்துக்கொண்டு நான் உள்ளே ஏறப்போனேன். அக்கா வந்து அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“நான் உக்காருறேன் சித்தப்பா.”

சித்தப்பாவுக்கு அதில் ரொம்ப மகிழ்ச்சி. போகிற பெண்ணே பார்த்துவிட்டால் பிறகு ஒரு பேச்சு வராது பாருங்கள் என்று அப்பாவிடம் சொன்னார். கதவைச் சாத்தி ஊற்ற ஆரம்பித்தார். ஒழுகுகிறதா என்று தகரத்தைத் தட்டிக் கேட்டார். பதில் இல்லை. இன்னும் ஊற்றினார். நான் கை வலிக்க வலிக்கக் குழாயடியிலிருந்து நிரப்பிக் கொடுத்தேன். மறுபடி தட்டி, மூலையெல்லாம் நல்லாப் பாரும்மா என்றார். வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது.

“பாத்துட்டேன் சித்தப்பா. எங்கயும் எறங்கல.”

கதவைத் திறந்தார். அக்கா இறங்கினாள். முகம் முழுக்க நனைந்திருந்தது. முந்தானை நுனியும் ஈரம். சித்தப்பா திகைத்துப்போய், எந்த இடத்தில் இறங்கியது என்று கேட்டார். அவள் டார்ச்சை அவர் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

சித்தப்பா உள்ளே ஏறினார். நானும் ஏறினேன். முன்தகரம், மேல்தகரம், கதவோரம் என்று இருவரும் அங்குலம் அங்குலமாகத் தடவினோம். எங்கேயும் ஈரமில்லை. மூஞ்சி நனைஞ்சிருக்கே, எப்படி என்று அவர் என்னையே திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்கு ஒரு யோசனை வந்தது. அக்கா உட்கார்ந்திருந்த இடத்தில் மட்டும் ஒழுகுமாயிருக்கும், அங்கேயே உட்கார்ந்து பார்க்கலாம் என்றேன். சித்தப்பாவுக்கும் அது நியாயமாகப் பட்டது. அவர் அப்பாவைக் கூப்பிட்டு மேலே தண்ணீர் ஊற்றச் சொன்னார். நாங்கள் இருவரும் அந்த இடத்தில் நெருங்கி உட்கார்ந்து, அண்ணாந்து பார்த்தபடி காத்திருந்தோம். எங்கள் முகத்தில் ஒன்றுமே விழவில்லை.