ஏதோ கொஞ்சம் தெரியும்

வேலை தேடிக் கொடுப்பது, பயிற்சி கொடுப்பது, வீடு, பெனிபிட் என்கிற அரச உதவிப்பணப் பிரச்சினைகளைப் பார்ப்பது எல்லாம் லண்டன் ரெய்னர்ஸ் லேனில் உள்ள எங்கள் அலுவலகத்தில் ஒரே கூரையின் கீழ்தான். மூன்று மேசைக்காரரும் சேர்ந்து, வேலை தேடி வந்த ஒரு மனிதரிடம் தோற்றுப்போனோம்.

பாரிஸில் பதினெட்டு வருடம் பேக்கரியில் பாண் போட்டவர். ஐம்பது வயதிருக்கும். மாவு ஒட்டியிருப்பதுபோல கோட்டின் கையைச் சும்மா சும்மா தட்டிக்கொண்டேயிருப்பார். நேர்முகப் பயிற்சியில் நான் முதலாளியாக நடித்து, "என்ன வேலை தெரியும்?" என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"ஏதோ கொஞ்சம் தெரியும், தங்கச்சி."

"பதினெட்டு வருசம் செய்தனான் எண்டு சொல்லுங்கோ அண்ணை!"

"ஓம், ஓம்" என்பார். திரும்பக் கேட்டால் திரும்பவும் ஏதோ கொஞ்சம். ஆறு வாரம் தொண்டை வறளக் கத்தினேன்.

கடைசியில் ஒரு பேக்கரியில் நேர்முகத்துக்கு ஏற்பாடு செய்தேன். அங்கேயும் அதையே சொல்லிவிட்டு வந்தார். வேலை கிடைக்கவில்லை.

மறுநாள் காலை ஒரு பெட்டியோடு வந்தார். வீட்டில் அவர் போட்ட பாண், இன்னும் சூடாக இருந்தது. மூன்று மேசைக்காரரும் எழுந்து வந்து சாப்பிட்டோம். லண்டனில் அப்படியொரு பாணை நான் சாப்பிட்டதேயில்லை. அதனால்தான் கோபம் தலைக்கேறியது.

"இதை அங்க கொண்டுபோய்க் காட்டியிருக்கலாமே, அண்ணை!"

"அவை கதைக்கத்தானே கூப்பிட்டவை" என்றார், கையைத் தட்டியபடி.

அவருடைய படிவத்தில் 'மேலும் பயிற்சி தேவை' என்ற கட்டத்தில் சரி அடையாளம் போட்டேன். யாருக்கு என்று படிவம் கேட்கவில்லை.