நஜ்ரானுக்கும் அராருக்கும் நடுவில்

எங்கள் ஊர் வழக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்கு. மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பவர். அதனால் வருபவரைத் துருவிப் பார்க்கும் உரிமை எங்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே உண்டு என்பது என் எண்ணம். வாப்பா மௌத்தான பிறகு தங்கைக்கு வீடு கட்டியதும் நான்தான், மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்ததும் நான்தான். சாய்ந்தமருதில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவன் நான். டைல் என்றாலும் மனிதர் என்றாலும் தட்டிப் பார்த்துத்தான் எனக்குப் பழக்கம்.

காவின் எழுதிக் கல்யாணம் முடிந்த ஒரு மாதத்தில் மச்சான் சவூதிக்குத் திரும்பிவிட்டார். தெற்கே நஜ்ரானில் ஏசி திருத்தும் வேலை. சில மாதம் போனதும், தன்னை வடக்கே அராருக்கு மாற்றிவிட்டார்கள் என்றார். விடியற்காலை சுபஹு தொழுகைக்குப் பிறகு விமான நிலையம் போகிறேன், இறங்கியதும் எடுக்கிறேன் என்று தங்கையிடம் சொல்லியிருந்தார்.

அன்று லுஹர் போனது, அஸரும் போனது, அழைப்பு இல்லை. பொழுது பட்டு, மஃரிபுக்குப் பிறகுதான் எடுத்தார். களைப்பாக இருக்கிறது என்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிட்டார்.

நான் இணையத்தில் தேடினேன். இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு கிலோமீற்றர்; பறக்க இரண்டு மணித்தியாலமும் சொச்சமும் என்று போட்டிருந்தது. வரைபடத்தில் அழகாக ஒரு கோடும் இழுத்திருந்தார்கள். அப்படியானால் மிகுதிப் பகல் எங்கே போனது? நஜ்ரானில் இன்னொரு குடும்பம் இருக்கிறது, அவர்களிடம் பயணம் சொல்லிவிட்டு வரத்தான் அத்தனை நேரம் என்று முடிவே கட்டிவிட்டேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குப் பட்டப்பகலிலேயே தெரிந்தது.

பிள்ளையின் வாழ்க்கையில் மண்ணைப் போடாதே என்று உம்மா சொல்லிப் பார்த்தார். நான் கேட்கவில்லை. தங்கையைக் கூப்பிட்டு அந்தக் கோட்டைக் காட்டினேன். முதலில் சிரித்தாள். பிறகு போனை வாங்கித் தானே பார்த்தாள். அதன்பிறகு சிரிக்கவில்லை.

"விமானத்துல ஏறின துண்ட போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு புள்ள," என்றேன். "உண்மையெண்டா அவருக்கு என்ன நோவு?"

மறுநாள் படம் வந்தது. ஒன்றல்ல, இரண்டு பயணச்சீட்டுத் துண்டுகள்: நஜ்ரானிலிருந்து றியாதுக்கு ஒன்று, றியாதிலிருந்து அராருக்கு மற்றது. நடுவில் ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் காத்திருப்பு. அன்று நேராகப் போக விமானமே இல்லையாம். கொழும்பு பஸ் எத்தனை ஊர் சுற்றிப் போகிறது என்று தெரிந்த நான், ஆகாயத்தில் மட்டும் எல்லாம் கோடு பிடித்தாற்போல் போகும் என்று நம்பியிருக்கிறேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் துண்டில் இருந்த திகதியைப் பெரிதாக்கிப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மச்சான் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. எவ்வளவு நல்ல மனிதர் என்று உம்மாவிடம் நானே புகழ்ந்தேன்.

இரண்டு கிழமை கழித்து, கல்முனைச் சந்தைக்குப் போய் வந்த தங்கை என் கடை வாசலில் நின்று போனை உயர்த்தித் தன்னைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் போனேன்.

"சந்தைக்குப் போய்வர ரெண்டு மணித்தியாலம் என்னத்துக்கு எண்டு உங்கட மச்சான் கேக்கிறார், காக்கா. இனிப் போற இடமெல்லாம் படம் அனுப்பட்டாம்," என்றாள். முகத்தில் கோபம்கூட இல்லை. "கொஞ்சம் விலகுங்க, கடைப் பேரு மறையுது."