புதிய திட்டங்களுக்கு ஒன்றை அழுத்தவும்

இருபத்தாறு வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரை அலுவலகத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தொலைபேசிக் கம்பெனியின் வாடிக்கையாளர் மையத்தில் ஏழு ஜன்னல்கள் இருந்தன. அவருடையது மூன்றாவது. அதனால் உடன் வேலை செய்தவர்களுக்கு அவர் 'மூணாம் நம்பர் அக்கா'. மற்ற ஆறும் காலியாகக் கிடந்தாலும், பில் எகிறிவிட்டது என்று கொதித்துக்கொண்டு வருகிறவர்கள் மூன்றாவதில்தான் வரிசை கட்டுவார்கள். அக்கா குரலை உயர்த்த மாட்டார். எதிராளி கத்தி முடிக்கிறவரைக்கும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். பிறகு, "சரி, இப்ப முதல்ல இருந்து சொல்லுங்க" என்பார். முதலிலிருந்து சொல்வதற்குள் பாதிக் கோபம் வடிந்துவிடும்.

அப்படிப்பட்டவரை அந்த நாற்காலியிலிருந்து எழுப்பியது ஒரு பெருங்குற்றம். அவர் உண்மையைச் சொல்லிவிட்டார். விளம்பரத்தைப் பார்த்துவிட்டு ஒரு பெரியவர் புதிய திட்டம் ஒன்றைக் கேட்டு வந்தார். நீங்கள் வைத்திருப்பதும் இதேதான், பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்று அக்கா சொல்ல, பெரியவர் சந்தோஷமாக வீட்டுக்குத் திரும்பிப் போனார். விற்பனைப் பிரிவு அதிகாரி ஒருவர் தூணோரம் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தது அக்காவின் போதாத காலம். பத்தே நாளில் மாற்றல் உத்தரவு வந்தது. ஐந்தாவது மாடி, இயந்திர இணைப்புப் பிரிவு. உண்மை பேசுகிறவர்களை இயந்திரங்களோடு உட்கார வைத்தால் யாருக்கும் சேதமில்லை என்று மேலிடம் கணக்குப் போட்டிருந்தது.

அந்தப் பிரிவின் வேலை சுலபமானது. தண்ணீர் மீட்டர், தெருவிளக்கு, மருந்து வைக்கும் குளிர்பெட்டி, லிஃப்ட் என்று சகலத்துக்குள்ளும் இப்போது ஒரு சிம் இருக்கிறது. அவை சொல்வதைக் கம்பெனியின் டவர் வாங்கி, சேர வேண்டிய இடத்தில் சேர்க்கும். 'நாற்பது லட்சம் பொருட்கள் எங்கள் வழியாகப் பேசுகின்றன' என்று வாசலில் ஆளுயரப் பலகை வைத்திருந்தார்கள். பேசுகின்றன என்பது கொஞ்சம் அதிகம். தண்ணீர் மீட்டர் நாளைக்கு ஒரு தடவை ஓர் எண்ணை முணுமுணுத்துவிட்டுத் தூங்கிவிடும். லிஃப்ட் 'நான் நலம்' என்று ஒரு வரி அனுப்பும். சில குடும்பங்களில் அதற்கும் குறைவாகத்தான் பேசிக்கொள்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

மேனேஜர் சின்ன வயதுக்காரர். உலகத்திலேயே நல்ல வாடிக்கையாளர் இயந்திரம்தான் என்று அவர் முதல் நாளே அக்காவுக்கு உபதேசம் செய்தார். அது வரிசையில் நிற்காது, புகார் சொல்லாது, பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்க்காது. மனிதர்கள் இன்னும் இந்த அளவுக்கு முன்னேறவில்லையே என்கிற வருத்தம் அவர் குரலில் இருந்தது.

அக்காவுக்குக் கொடுத்த வேலை, தினமும் காலையில் வரும் பட்டியலைப் பார்ப்பது. அப்படி ஒரு பட்டியல் வருவதே அதுவரை அங்கே யாருக்கும் தெரியாது. ஒரு மாதம் போனது. ஒரு நாள் ஒரு லிஃப்டின் வரியில் அக்காவின் விரல் நின்றது. லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால் அழுத்துவதற்கு மணிப் படம் போட்ட பொத்தான் ஒன்று இருக்குமே, அதற்குப் பின்னால் இருக்கும் போனின் சிம் அது. வருஷம் முழுக்கப் பேசினாலும் ஒரு போட்டோ அளவுக்குத் தேறாது. அது இப்போது நாளைக்கு மூன்று ஜிபி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. காலை பத்து மணிக்கு ஆரம்பித்தால் நாலு மணி வரைக்கும். நடுவில் ஒரு மணியிலிருந்து ஒன்றரை வரை ஓய்வு.

மேனேஜரிடம் காட்டினார். மேனேஜருக்கு முகமெல்லாம் பல். 'ஸ்மார்ட் லிஃப்டுகளின் டேட்டா தேவை பல்லாயிரம் மடங்கு உயர்வு' என்று அன்று மதியக் கூட்டத்துக்கே ஒரு படம் தயார் செய்துவிட்டார்.

"லிஃப்ட் மத்தியானம் சாப்பிடப் போகுமா சார்?" என்று அக்கா கேட்டார்.

மேனேஜர் படத்துக்கு வண்ணம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்ததால் அது காதில் விழவில்லை.

மறுநாள் அக்கா அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அந்த முகவரிக்குப் போனார். ஏழு மாடிக் குடியிருப்பு. வாசலில் தபால் பெட்டிகள், மாடிப்படிக்கு அடியில் சைக்கிள்கள், லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். ஸ்டூலில் காவலாளி உட்கார்ந்து, தண்ணீர்க் குழாயில் சாய்த்து வைத்த போனில் தொடர் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார். நாடகத்தில் ஒரு மாமியார் அழுதுகொண்டிருந்தாள். அக்கா பின்னால் நின்று அந்த அழுகை முடிகிறவரை காத்திருந்தார். இருபத்தாறு வருஷப் பழக்கம். பிறகு தான் யாரென்று சொல்லி, லிஃப்ட் இப்போது எத்தனையாவது பகுதி பார்த்துக்கொண்டிருக்கிறது என்று விசாரித்தார்.

காவலாளி முதலில் பூசி மெழுகிப் பார்த்தார். பிறகு போனின் பின்மூடியைக் கழற்றி சிம்மை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"நான் திருடலம்மா. அதோட தொல்லை தாங்காமத்தான் கழட்டினேன். சும்மா கிடக்குதேன்னு அப்புறம் போட்டுக்கிட்டேன்."

"லிஃப்ட் என்ன தொல்லை குடுத்துச்சு?"

"உங்க ஆளுங்கதாம்மா குடுத்தாங்க. லிஃப்டுக்கு போன் பண்ணிப் புதுத் திட்டம் வேணுமான்னு கேட்டாங்க."

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.

விஷயம் இதுதான். போன வருஷம் மூன்றாம் மாடி டீச்சர் லிஃப்டில் மாட்டிக்கொண்டார். மணிப் பொத்தானை அழுத்தினார். போன் போனது. எடுத்தது ஒரு பதிவுக் குரல். புதிய திட்டங்களுக்கு ஒன்றை அழுத்தவும், பழைய திட்டத்தைப் புதுப்பிக்க இரண்டை அழுத்தவும் என்றது. டீச்சர் பதற்றத்தில் ஒன்றை அழுத்தினார். லிஃப்டில் ஒன்று என்றால் முதல் மாடி. நின்றுபோன லிஃப்ட் முதல் மாடிக்கும் போகவில்லை, புதிய திட்டத்துக்கும் போகவில்லை. காவலாளி சாவி கொண்டுவந்து திறக்கிறவரை நாற்பது நிமிஷம் அந்தக் குரல் எல்லாத் திட்டங்களையும் திருப்பித் திருப்பி ஒப்பித்தது. அதோடு விடவில்லை. நாற்பது நிமிஷம் பொறுமையாகக் கேட்ட வாடிக்கையாளரை எந்தக் கம்பெனி சும்மா விடும்? அடுத்த வாரத்திலிருந்து விற்பனைப் பிரிவு லிஃப்டைத் திரும்ப அழைக்க ஆரம்பித்தது. ஆள் போகும்போது திடீரென்று சுவருக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வணக்கம் சொன்னால் யாருக்குத்தான் தூக்கிவாரிப் போடாது? ஐந்தாம் மாடிப் பெரியம்மா படியேறியே போக ஆரம்பித்தார். காவலாளி சிம்மைப் பிடுங்கினார். சிம் உயிரோடு இருக்கிறதா என்றுதான் கம்பெனி பார்க்கும். அது எதற்குள் இருக்கிறது என்பது கம்பெனியின் கவலை இல்லை.

சிம்மைப் பழைய இடத்தில் போடச் சொல்லிவிட்டு அக்கா தானே லிஃப்டுக்குள் நின்று பொத்தானை அழுத்திப் பார்த்தார். குரல் வந்தது. வாடிக்கையாளர் மையத்தில் ஐந்தாவது ஜன்னலில் உட்கார்ந்திருந்த பெண்ணின் குரல்தான். முழுவதும் கேட்டுவிட்டு வெளியே வந்தார்.

அலுவலகத்துக்குத் திரும்பிப் பழைய கணக்குகளைக் கிளறினார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. லிஃப்ட் கம்பெனி இரண்டு வருஷத்துக்கு முன்னால் இடம் மாறியபோது தன் பழைய நம்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. தொலைபேசிக் கம்பெனி அதைச் சில மாதம் சும்மா வைத்திருந்துவிட்டு, விதிப்படி, தன் விளம்பர லைனுக்கே கொடுத்துவிட்டது. லிஃப்டுகளுக்குள் இருந்த போன்களுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அப்படிப்பட்ட லிஃப்டுகள் நூற்றெண்பத்தேழு. பத்து நிமிஷத்துக்கு மேல் அவை காத்திருந்த அழைப்புகள் போன வருஷத்தில் முப்பத்தொன்று. விற்பனைப் பிரிவின் ஏட்டில் அந்த முப்பத்தொன்றும் 'மிகுந்த ஆர்வம் உள்ளவர்கள்' என்று பதிவாகியிருந்தன.

மேனேஜர் அமைதியாகக் கேட்டுக்கொண்டார். நாம் வெறும் சாலை, அதில் போகிறவர்கள் எங்கே போகிறார்கள் என்பது சாலையின் பொறுப்பல்ல என்று விளக்கினார். லிஃப்ட் கம்பெனிக்குக் கடிதம் போனது. நம்பர் உங்களுடையது, நீங்கள்தான் மாற்ற வேண்டும் என்று பதில் வந்தது. பெட்டி உங்களுடையது, நீங்கள்தான் மாற்ற வேண்டும் என்று இங்கிருந்து பதில் போனது. இரண்டு பக்கமும் மரியாதைக்குக் குறைவில்லை. ஒவ்வொரு கடிதமும் 'தங்கள் பாதுகாப்பே எங்கள் முதல் அக்கறை' என்றுதான் முடிந்தது.

மூன்று வாரம் கழித்து அக்கா ஒரு படிவத்தோடு மேனேஜர் முன்னால் நின்றார். ஒரு லைனை ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு மாற்றும் சாதாரணப் படிவம்.

"அவங்க முடிவு பண்ற வரைக்கும் அந்த நம்பர் என் மேஜையில அடிக்கட்டும் சார்."

"உங்களால எடுக்க முடியுமா?"

"இருபத்தாறு வருஷமா அதைத்தானே பண்ணேன்."

தன் தலையில் விழாத எந்த வேலைக்கும் கையெழுத்துப் போடுகிற நல்ல மனம் மேனேஜருக்கு உண்டு. போட்டார். விற்பனைப் பிரிவுதான் குதித்தது. மற்ற லைன்களில் ஜனங்கள் பத்து விநாடியில் வைத்துவிடுகிறார்களாம். அந்த லைனில்தான் கடைசிவரை கேட்கிறார்களாம்.

மூன்றாவது நாள் காலை பதினோரு மணிக்கு அந்த போன் அடித்தது. எடுத்தால், அந்தப் பக்கம் வெறும் மூச்சு.

"சொல்லுங்க. லிஃப்ட்ல மாட்டிக்கிட்டீங்களா?"

"ஆள்கிட்ட பேசணும்," என்றது ஓர் ஆண் குரல். "ஆள்கிட்ட பேசணும். ஆள்கிட்ட பேசணும்."

மெனுவோடு மல்லுக்கட்டிப் பழகிய மனுஷன். மூன்று தடவை சொன்னால்தான் கதவு திறக்கும் என்று நினைத்திருப்பார் போலும்.

"ஆள்தாங்க பேசறேன். கதவை நெம்பாதீங்க. அப்படியே கீழ உக்காருங்க."

இன்னும் ஒரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. பிறகு அவர் நம்பினார். நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தார். வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர். தரகர் கீழேயே போனில் பேசிக்கொண்டு நின்றுவிட்டார். அக்கா சிம்மின் பதிவிலிருந்து முகவரியை எடுத்து, இன்னொரு போனில் லிஃப்ட் கம்பெனியின் புதிய அலுவலகத்தைக் கூப்பிட்டார். அங்கே ஒரு குரல் ஒன்றை அழுத்தவும் என்றது. அக்கா ஒன்று, நாலு, மறுபடி ஒன்று என்று அழுத்தி, கடைசியில் ஒரு மெக்கானிக்கைப் பிடித்துவிட்டார். வர இருபது நிமிஷம் ஆகும் என்றார்கள்.

அந்த இருபது நிமிஷமும் போனை வைக்க வேண்டாம் என்று மாட்டிக்கொண்டவர் கெஞ்சினார். அக்கா வீட்டைப் பற்றிக் கேட்டார். எத்தனை அறை, எத்தனை பேர் குடிவரப் போகிறார்கள், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்றெல்லாம் ஒவ்வொன்றாக விசாரித்தார். அவர் சொல்லச் சொல்ல மூச்சு சீராகிக்கொண்டு வந்தது.

"ஒருவிதத்துல நல்லதுங்க," என்றார் அக்கா. "வாடகையைக் குறைச்சுக் கேக்க இப்ப ஒரு காரணம் இருக்கு."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கதவு திறக்கும் ஓசையும், யாரோ கை கொடுத்துத் தூக்குவதும் கேட்டன. அவர் நன்றிகூடச் சொல்லவில்லை. ஓடியிருப்பார். அக்கா போனை வைத்தார். தண்ணீர் குடித்தார். வெகுநாள் கழித்து ஒரு வேலை செய்ததுபோல இருந்தது.

தினமும் மாலை ஆறு மணிக்கு மேல் அந்த லைன் அவருடைய சொந்த போனுக்குத் திரும்பியது. கணவர் பேருந்து நடத்துநர். அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மனைவி ஊர் பேர் தெரியாத யாரையோ உட்காரச் சொல்வதும் மூச்சை இழுத்து விடச் சொல்வதுமாக இருந்தால், எந்த மனுஷனுக்கும் கேள்வி வரும்.

"இன்னைக்கு நாலு பேரை இறக்கிவிட்டேன்," என்று அக்கா ஒரு நாள் பெருமையாகச் சொன்னார்.

"நான் நானூறு பேரை இறக்கிவிட்டேன்," என்றார் கணவர். "எனக்கு யாரு கை தட்டினா?" ஆனால் அதற்குப் பிறகு அந்த போன் அடித்தால், அவரே எழுந்து போய்த் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

ஆறு மாதத்தில் கம்பெனிக்கு ஒரு பரிசு கிடைத்தது. 'சிறந்த தானியங்கி அவசர உதவி.' மூன்று மணியோசைக்குள் பதில், மனிதக் குரலை அப்படியே ஒத்திருக்கும் தொழில்நுட்பம் என்று பரிசுப் புத்தகத்தில் அச்சடித்திருந்தார்கள். மேனேஜர் கோட்டுப் போட்டுக்கொண்டு மேடையேறி வாங்கினார். இது யாருடைய மென்பொருள் என்று ஒருவர் கேட்டபோது, உள்ளேயே உருவாக்கியது என்று அடக்கமாகச் சொன்னார். அதுவும் பொய்யில்லை.

பரிசால் ஒரு நன்மை விளைந்தது. மற்ற லிஃப்ட் கம்பெனிகளும் இதே தொழில்நுட்பம் வேண்டும் என்று வந்து நின்றன. லிஃப்டுகள் ஆயிரத்தைத் தாண்டின. தொழில்நுட்பத்துக்கு ஓய்வு வேண்டும், தூங்க வேண்டும், அடுத்த மாதம் தங்கை மகள் கல்யாணத்துக்கும் போக வேண்டும் என்று அக்கா எழுதிக் கொடுத்தார். இரண்டு பெண்களையும் ஓர் ஆணையும் எடுத்தார்கள். என்ன பேச வேண்டும் என்று விற்பனைப் பிரிவு மூன்று பக்கக் குறிப்பு அனுப்பியது. முதல் வரியில் கம்பெனியின் பெயர், இரண்டாவது வரியில் புதிய திட்டம். அக்கா அதை அவர்களுக்குக் கொடுக்கவில்லை. யாராவது கத்தினால் கத்தி முடிக்கட்டும் என்று மட்டும் சொல்லிக் கொடுத்தார்.

இயந்திரப் பிரிவில் மனிதர்களுக்கான பதவி எதுவும் இல்லாததால், நாலு பேருக்கும் சம்பளம் எந்தத் தலைப்பில் போடுவது என்று ஒரு குழப்பம் வந்தது. கடைசியில் உபகரணங்களின் பதிவேட்டில் சேர்த்தார்கள். வருஷக் கடைசியில் தணிக்கைக்காரர் அந்தப் பக்கத்தைச் சரிபார்க்க அக்காவிடமே கொண்டுவந்தார். 'பொருள்: அவசரக் குரல். எண்ணிக்கை: ஒன்று. நிலை: நன்று. மீதமுள்ள பயன்பாட்டுக் காலம்: இரண்டு வருஷம்.' ஓய்வு பெற அவருக்கு உண்மையில் அவ்வளவுதான் இருந்தது.

அக்கா நிதானமாகப் படித்தார். மற்ற மூவருக்கும் சம்பளம் நின்றுவிடக் கூடாதே என்று, 'ஒன்று' என்பதை அடித்துவிட்டு 'நான்கு' என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.