ஊலன்ஹாக்கும் எங்கள் வீட்டு மூன்று பெயர்களும்

அவுஸ்திரேலியாவில் எங்கள் வீடு இருக்கும் டூங்கபியில், நாங்கள் போகும் டொக்டர் அறைக் கதவைத் திறந்து, "மிஸ்டர் கந்தையா" என்று கூப்பிடுவார். பதினெட்டு வருடமாகியும் எனக்கு உடனே எழும்ப வராது. பக்கத்துக் கதிரைகளைத்தான் முதலில் பார்ப்பேன், அப்பா எங்கேயாவது இருக்கிறாரா என்று. கந்தையா என் அப்பா. என் பெயர் தர்மகுலசிங்கம். இந்த நாட்டுக்கு வந்தபோது படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு பெட்டி இருந்தது. எங்களிடம் அப்படி ஒன்று இல்லை. அப்பாவின் பெயரை முன்னால் எழுதி எங்கள் பெயரைப் பின்னால் எழுதுவோம், அவ்வளவுதான் எங்கள் வழக்கம். பெட்டியை வெறுமையாக விட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் அப்பாவின் பெயரை அதில் எழுதினேன். அன்றிலிருந்து வங்கியிலும் வேலைத்தலத்திலும் பல்லுப் பிடுங்கும் இடத்திலும் நான் கந்தையா.

இதை எங்கள் தமிழ்ப் பள்ளி மலருக்காக எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன், பிழை இருந்தால் உங்கள் ஆசிரியர்கள் திருத்தட்டும். ஆனால் இதைப் படிக்கும் பிள்ளைகளில் பாதிப் பேருக்காவது இதே சங்கதி இருக்கும். உங்கள் பெயருக்குப் பின்னால் நிற்பது அப்பாவின் பெயர். அப்பாவின் பெயருக்குப் பின்னால் நிற்பது அப்பப்பாவின் பெயர். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் அதைப் பார்த்து, "உனக்கும் உன் அப்பாவுக்கும் ஏன் வேறு வேறு பெயர்?" என்று கேட்டிருப்பார்கள். நீங்கள் என்ன பதில் சொன்னீர்களோ தெரியாது. என் வீட்டில் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க ஒரு ஜெர்மன்காரப் பெண்மணி தேவைப்பட்டார்.

என் அம்மா ஒருநாளும் அப்பாவின் பெயரை வாயால் சொன்னதில்லை. "இஞ்சாருங்கோ" என்றால் அப்பாவுக்கு விளங்கும். ஊர் அதிகாரியான விதானையார் பதிவு எடுக்க வந்து பெயர் கேட்டால் அம்மா என்னைத் திரும்பிப் பார்ப்பா, நான்தான் சொல்ல வேண்டும். நானும் குரலை இறக்கித்தான் சொல்வேன். அப்படிப் பொத்தி வைத்திருந்த பெயரை, செவன் ஹில்ஸில் நான் வேலைக்குச் சேர்ந்த தகரப் பட்டறையில் முதல் கிழமையே "கென்" என்று சுருக்கிவிட்டார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, யாரையும் நின்று பேசவிடாமல் சைக்கிளில் போன மனிதர் அவர். செத்து இத்தனை காலத்துக்குப் பிறகு கென் ஆகி, குளிரூட்டிகளுக்குக் குழாய் வளைத்துக்கொண்டிருக்கிறார்.

மகள் அபிரா பிறந்தபோது நான் இன்னொரு முறை வழக்கப்படி நடந்தேன். பிள்ளையின் குடும்பப் பெயர் என்ற பெட்டியில் என் பெயரை எழுதினேன். பதிவு செய்யும் இடத்தில் இருந்த பெண், "உங்கள் குடும்பப் பெயர் கந்தையா. பிள்ளைக்கு வேறா?" என்று கேட்டார். "ஓம், பிள்ளைக்கு அப்பா நான்தானே" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் எல்லாம் விளங்கியதுபோலத் தலையாட்டினார். ஆறு வருடம் கழித்து கவின் பிறந்தபோதும் அதையே எழுதினேன். மனைவி வசந்திக்கு அவளுடைய அப்பாவின் பெயர், சின்னத்தம்பி. ஆக நாலு பேர் உள்ள வீட்டில் மூன்று குடும்பப் பெயர்கள். தபால் கொண்டுவருபவர் ஒருநாள், "இங்கே மூன்று குடும்பம் வாடகைக்கு இருக்கிறீர்களா?" என்று கேட்டார். "இல்லை, ஒரே குடும்பம்தான்" என்றேன். "என்ன செய்வது, வாடகை அப்படி ஏறிவிட்டது" என்று என் தோளில் தட்டி ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

போன வருடம், அபிராவுக்குப் பதினேழு நடக்கும்போது, ஒரு படிவத்தைக் கொண்டுவந்து குசினி மேசையில் வைத்தாள். பெயர் மாற்றுவதற்கான படிவம். அவளுக்கும் கவினுக்கும் புதிய குடும்பப் பெயர் கந்தையா என்று எழுதியிருந்தது.

"அப்பா, நீங்க ரெண்டு பேரும் சைன் பண்ண வேணும். அம்மா பண்ணிட்டா."

"அப்ப என்ர பேர்?"

"அது உங்களிட்டத்தானே இருக்கு. நாங்க உங்கட சர்நேமை எடுக்கிறம். எல்லாரும் சேம்."

"எங்களுக்கு அப்பிடி வழக்கம் இல்லைப் பிள்ளை."

"சரி. நூறு வருசத்துக்குப் பிறகு என்ர பேரப்பிள்ளையும் கவின்ர பேரப்பிள்ளையும் ஒரே ஸ்கூலில படிச்சா, சொந்தம் எண்டு எப்பிடித் தெரியும்?"

"ஆராவது சொல்லுவினம்."

"ஆர் அப்பா?"

ஊரில் என்றால் சொல்வதற்கு ஒழுங்கைக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். இங்கே யார் இருக்கிறார்கள்? என் அண்ணாவின் பிள்ளைகள் பிரான்சில் வளர்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் அண்ணாவின் பெயர், என் பிள்ளைகளுக்குப் பின்னால் என் பெயர். ஒரே அப்பப்பாவின் பேரப்பிள்ளைகள், பெயரைப் பார்த்தால் ஒருவருக்கொருவர் யாரோ.

அவள் சொன்னது சரி என்று தெரிந்தும் என்னால் பேனையைத் தொட முடியவில்லை. எங்கள் வழக்கத்தில் ஒரு மனிதனின் பெயர் அவனுக்குப் பிறகு ஒரு தலைமுறை, பிள்ளைகளின் பெயரோடு நிற்கும். பிறகு போய்விடும். பட்டறையிலும் வங்கியிலும் எனக்கு என் பெயரே இல்லை. அது இருக்கிற ஒரே இடம் என் பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில். அங்கிருந்தும் எழும்பு என்றால் எப்படி?

அபிரா அழவில்லை, சண்டை பிடிக்கவுமில்லை. "அடுத்த வருசம் எனக்குப் பதினெட்டு. அப்ப உங்கட சைன் தேவையில்லை" என்றாள். கதிரையை உள்ளே தள்ளிவிட்டு, "எண்டாலும் எனக்கு அது வேணும் அப்பா" என்றாள். படிவத்தை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போனாள். நான் பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அது என்னைப் பார்த்தது.

எங்கள் பட்டறையில் சாமான்கள் ஏற்றி அனுப்பும் கணக்கைப் பார்ப்பவர் இங்க்ரிட். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். மத்தியானச் சாப்பாட்டை நாங்கள் இருவரும் ஒரே வாங்குப் பலகையில் அருகருகே இருந்து சாப்பிடுவோம். அவருடைய குடும்பப் பெயர் ஊலன்ஹாக். ஜெர்மனியிலேயே அந்தப் பெயர் விரல் விட்டு எண்ணக்கூடியவர்களிடம்தான் இருக்கிறதாம். அவருக்குத் தெரிந்தவரை அவுஸ்திரேலியாவில் இரண்டே பேர். ஒருவர் அவர், மற்றவர் மெல்பேர்னில் கிரான்பர்ன் பக்கம் முதியோர் இல்லத்தில் இருக்கும் அவருடைய அப்பா. பெற்றோர் கப்பலில் வந்தவர்கள். இங்க்ரிட்டுக்குச் சகோதரர்கள் இல்லை, பிள்ளைகளும் இல்லை. "எனக்குப் பிறகு இந்த நாட்டில் ஊலன்ஹாக் முடிந்தது, கென்" என்று சாண்ட்விச்சைக் கடித்தபடி சொல்வார். அதைச் சொல்லும்போது முகத்தில் கவலையும் இருக்கும், கொஞ்சம் மிடுக்கும் இருக்கும்.

பெயருக்கு அர்த்தம் கேட்டேன். அவருடைய முன்னோர் இருந்த வட பகுதிப் பேச்சில் ஊலன் என்றால் ஆந்தைகள், ஹாக் என்றால் வேலி அடைத்த நிலம். வீட்டில் வந்து சொன்னபோது வசந்திக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஆந்தை வேலியோ! எங்கட பக்கம் ஆந்தை கத்தினாலே கல்லெடுத்து எறிவினம். இவை தலைமுறை தலைமுறையாப் பேராயே வைச்சிருக்கினம்."

இங்க்ரிட் பல மாதங்களாகத் தன் பெயரின் பூர்வீகத்தைத் தேடிக்கொண்டிருந்தார். ஜெர்மனியில் ஒரு சிற்றூர்த் தேவாலயத்துக்குக் கடிதம் எழுதி, பழைய திருமண, திருமுழுக்குப் பதிவேடுகளின் பிரதி ஒன்றை எடுப்பித்திருந்தார். அது வந்த அன்று சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் வாங்கில் இருந்தார்.

"கென், நான் ஊலன்ஹாக்கே இல்லை."

அவர் முகம் இருந்த இருப்பைப் பார்த்து, யாரோ அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். "யார் சொன்னது? மனேஜரா?" என்று கேட்டேன். அவர் தாளை என் கையில் தந்தார். வளைந்து வளைந்து போன எழுத்து, எனக்கு எப்படி விளங்கும்? அவரே சொன்னார். ஊலன்ஹாக் என்பது ஆளின் பெயரே அல்ல, ஒரு பண்ணையின் பெயர். இங்க்ரிட்டின் பூட்டனுக்குப் பூட்டன் அந்தப் பண்ணைக்கு வேலைக்கு வந்த கூலிக்காரன். பிறந்த பெயர் மையர். "அங்கே தெருவில் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால் ஒரு மையரின் தலையில்தான் விழும்" என்றார். அந்த மையர் பண்ணைக்காரரின் ஒரே மகளைக் கலியாணம் செய்தான். அந்த ஊர்களில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. பண்ணை யாருடையதோ, அந்தப் பண்ணையின் பெயர்தான் குடும்பத்துக்கு. பெண் வீட்டுக்கு வருகிற மாப்பிள்ளை தன் பெயரை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். மையராக உள்ளே போனவன், பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்கும்போது ஊலன்ஹாக்காக எழுதப்பட்டிருக்கிறான்.

"அவனுக்கு அது அவமானமாக இருந்திருக்காதா?" என்று கேட்டேன். நான் யாருக்காகக் கேட்டேன் என்று அவருக்குத் தெரியாது.

"தெரியாது. அப்பாவிடம் போனில் சொன்னேன். நாங்கள் வெறும் மையர்கள்தானாம் என்று. கிழவர் சிரிக்கிறார். அந்தப் பண்ணை மாடுகளில் பால் கறந்தவன் எவனோ அவன்தான் ஊலன்ஹாக், போய் வேலையைப் பார் என்கிறார்."

அன்று பின்னேரம் வீட்டில் இதைச் சொன்னேன். பிள்ளைகள் மேசையில் இருந்தார்கள். வசந்தி தோசைக் கரண்டியோடு திரும்பினாள்.

"அப்பிடிப் பார்த்தா, நீங்களும் பெண் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைதானே? உங்கட பேரை எங்கட வாசல் படலையில கொழுவிப்போட்டெல்லோ உள்ளுக்கு வந்திருக்க வேணும்!"

"வட் டஸ் ஷி மீன்?" என்று கவின் கேட்டான்.

பிள்ளைகளே, இது உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஆட்களுக்குத்தான் குடும்பப் பெயர் இல்லை, காணிகளுக்கு உண்டு. ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் உறுதிப் பத்திரத்தில் ஒரு பெயர் இருக்கும். ஆட்கள் மாறினாலும், விற்றாலும் பிரித்தாலும், அந்தப் பெயர் மாறாது. வசந்திக்குச் சீதனமாக வந்த ஆறு பரப்புக் காணியின் பெயர் நாவலடி. அவளுடைய அம்மாவுக்கும் அது சீதனமாகத்தான் வந்தது. பெண்கள் அங்கேயே இருந்தார்கள், ஆண்கள் நாங்கள்தான் வெளியில் இருந்து வந்து சேர்ந்தோம். நானும் வசந்தியும் அங்கே வாழ்ந்தது பதினாலு மாதம். இப்போது அதில் வீடு இல்லை. எல்லை வேலியும் இல்லை என்றுதான் போய்ப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

அபிரா கையைக் கழுவிவிட்டு வந்தாள். "நாவலடி" என்று ஒருமுறை சொன்னாள். பிறகு பள்ளிக்கூடத்தில் வரவு இடாப்பைப் பார்த்துப் பெயர் கூப்பிடுகிற தோரணையில், "அபிரா நாவலடி" என்றாள்.

"ஃபுட்போல் ஜேர்சியில ஃபிட் ஆகும்" என்றான் கவின். தர்மகுலசிங்கம் அவன் முதுகில் ஒரு தோளில் தொடங்கி மறு தோளையும் தாண்டிப் போவது எனக்குத் தெரியும்.

"அம்மான்ர அப்பா பேரும் இல்லை, அப்பான்ர அப்பா பேரும் இல்லை. எல்லாருக்கும் ஃபெயர்" என்றாள் அபிரா. அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். வசந்தியும் பார்த்தாள். பகிடியாகத் தொடங்கியது பகிடி இல்லை என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது. தோசை கருகும் மணம் வந்த பிறகுதான் வசந்தி திரும்பினாள்.

நான் உடனே சம்மதிக்கவில்லை. நாலு நாள் எடுத்தது. கந்தையா என்று வைத்தாலாவது அப்பா மிஞ்சுவார், நாவலடி என்றால் அப்பாவும் இல்லை, நானும் இல்லை. மெஷினில் தகரத்தை வைத்துவிட்டு நின்று யோசிப்பேன். அப்பாவும் அம்மாவின் சீதன வளவுக்கு வந்தவர்தான். அங்கே அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் எத்தனை பேர்? அம்மா கூப்பிடவில்லை. நாங்கள் கூப்பிடவில்லை. வீட்டுக்குள் அந்தப் பெயரே நடமாடியதில்லை. ஆனால் அவர் இல்லாத வீடாக அது ஒருநாளும் இருந்ததில்லை. என் பிள்ளைகளும் என்னைத் தர்மகுலசிங்கம் என்று கூப்பிட்டதில்லை. அவர்கள் கூப்பிடுவது அப்பா என்று, அது என்னிடம் பத்திரமாக இருக்கிறது. இந்தக் கணக்கு எனக்குச் சரிவந்த பிறகு, ஃபிரிட்ஜில் இருந்த படிவத்தைக் கழற்றி அபிராவிடம் கொடுத்து, "புதிசு ஒண்டு எடுத்து வா" என்றேன். அவள் ஏற்கெனவே அச்செடுத்து மேசை லாச்சியில் வைத்திருந்தாள்.

இங்க்ரிட்டிடம் சொன்னேன். அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"அந்த நிலத்தில் நீ பால் கறந்தாயா?"

"மாடு இல்லை. ஒரு ஆடு நின்றது."

"போதும்" என்றார்.

வசந்தியும் பிள்ளைகளும் மாறுவது, நான் மாறுவதில்லை என்று முடிவாகியது. "நீங்களும் வாங்கோவன்" என்று வசந்தி கேட்டாள். இத்தனை வருடமாகக் கந்தையா என்றதும் எழும்பி நிற்கிறவன், இன்னும் கொஞ்சக் காலம் அவருக்காக நிற்கிறேன் என்றேன். அவள் வற்புறுத்தவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நால்வரும் பதிவு அலுவலகத்துக்குப் போய்ப் படிவங்களைக் கொடுத்தோம். கருமபீடத்தில் இருந்த இளம்பெண் ஒவ்வொரு தாளாகப் பார்த்து, என் கையெழுத்துக்குப் பக்கத்தில் சரி போட்டார். புதிய பெயரைத் தன் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, "அழகாக இருக்கிறது. ஓர் இடத்தின் பெயரா?" என்று கேட்டார்.

"யெஸ்" என்றாள் அபிரா.

"எங்கே இருக்கிறது?"

அதைச் சொல்ல வேண்டியவன் நான் என்று நினைத்து வாயெடுத்தேன். அதற்குள் மனம் ஊரின் பிரதான வீதியில் இறங்கி, ஒழுங்கைக்குள் திரும்பி, படலை இருந்த இடம்வரை போய்விட்டது. அதை எந்த நாடு, எந்த மாவட்டம் என்று இங்கிலீசில் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"டூங்கபி" என்றாள் அபிரா.

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு அடுத்த தாளை எடுத்தார். ஒழுங்கையில் அவ்வளவு தூரம் போய்விட்ட நான் திரும்பி நடந்து என் மகளுக்குப் பக்கத்தில் வந்து நிற்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.