வாயைத் திறந்து காட்டிய மகள்

என் மகள் பொய்க்காரி என்று, நாற்பது பிள்ளைகள் கேட்க, அவளுடைய டீச்சரிடம் சொன்னேன். பொய்யாக இருந்தது என் சொல்தான்.

அப்போது எண்பதுகளின் தொடக்கம். மலையாளம் பேசும் ஊரில், கிழக்கேகோட்டை அக்ரகாரத்தில் குடியிருந்தோம். கிணற்று நீரில் இரும்பும் சுண்ணாம்பும் எவ்வளவு என்று சோதித்துச் சொல்வது என் வேலை. மகளுக்குப் பதினொரு வயது. பாடத்தில் மனம் நிற்காது. ஒரு கணக்கைத் தொடங்கி, பாதியில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பச்சரிசியை அள்ளித் தின்பாள். ரத்தத்தில் இரும்பு மிகக் குறைவு என்று சோதித்துச் சொன்ன டாக்டரம்மா, கவனம் சிதற அதுவும் ஒரு காரணமாகலாம் என்று மாத்திரை எழுதினார். ஆண்டுத் தேர்வில் தோற்றால் அதே வகுப்பில்தான் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்கள்.

மாத்திரையை நானே கொடுத்தேன். அதன் துருவாடை தெரியாமலிருக்கவும் தூக்கம் கலையவும் கூடவே ஒரு டம்ளர் டிகிரி காப்பி. மூன்று மாதமாகியும் மாற்றமில்லை. துப்பிவிடுகிறாள் என்று முடிவுகட்டினேன். தினமும் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன்.

"முழுங்கிட்டேம்ப்பா" என்பாள்.

"கொழந்தையை விட்டுடுங்கோ" என்றாள் மனைவி. நான் விடவில்லை. பள்ளிக்கே போய்ச் சொன்னேன். அன்று முதல் வகுப்பில் அவள் பெயர் 'குளிகைக் கள்ளி'. அவர்கள் மலையாளத்தில் மாத்திரைக்குக் குளிகை என்று பெயர்; கள்ளி என்றால் ஏமாற்றுக்காரி.

தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கையில் மறுபடி ரத்தம் பார்த்தார்கள். இரும்பு ஏறவே இல்லை. எதோடு கொடுக்கிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். சொன்னேன்.

"நல்ல கெமிஸ்ட்டு சாரே நீங்க. இரும்பை உடம்புல சேர விடாம காப்பி பிடிச்சு வச்சிருக்கு. மோள் என்ன செய்யும்?"

இரும்பு உப்பில் தேயிலைச் சாறு விழுந்தால் மை போலக் கறுக்கும் என்பதைக் கல்லூரியிலேயே பார்த்தவன் நான். காப்பியை மட்டும் அந்தக் கணக்கில் நினைத்ததில்லை. எங்கள் வீட்டில் அது தண்ணீர் மாதிரி.

மறுநாளே காப்பியை நிறுத்தி எலுமிச்சைச் சாற்றோடு கொடுத்தோம். நானும் காப்பியை விட்டேன். பள்ளிக்குப் போய், அதே பிள்ளைகள் முன்னால், தப்பு என்னுடையது, இவள் ஒரு நாளும் துப்பவில்லை என்று மலையாளத்தில் சொன்னேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

சாயங்காலம் மகள் கேட்டாள்: "எதுக்குப்பா வந்தேள்? எல்லாரும் மறக்க ஆரம்பிச்சிருந்தா."

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினாள்.

பச்சரிசி ஆசை போனது. பாடத்தில் உட்காரும் நேரம் கொஞ்சம் கூடியது. எல்லாம் இரும்பினால் வந்ததல்ல என்று டாக்டரம்மா முன்பே எச்சரித்திருந்தார். ஜன்னல் பார்ப்பது முழுதும் போகவில்லை. விளிம்பு மதிப்பெண்ணில் தேறினாள்.

இனி காட்ட வேண்டாம் என்று எத்தனையோ முறை சொன்னேன். ஆனாலும் மாத்திரை நின்ற நாள் வரை, விழுங்கியதும் என் முன் வந்து நின்று, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் பள்ளிக்குப் போனாள்.